அகதி அட்டைக்குப் பாதித் தள்ளுபடி: மீதிப் பாதியை யார் கட்டுவது?

ஆயர் தாவார்: அரசாங்க கிளினிக்கில் மலேசியர் ஒருவர் 1 வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்த்துவிடலாம். நிபுணரிடம் போனால் 5 வெள்ளி. வெளிநாட்டவருக்கு 2014-ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி கணக்கே வேறு: சாதாரண சிகிச்சைக்கு 40 வெள்ளி, நிபுணரை முதல் முறை பார்க்க 120 வெள்ளி. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை வைத்திருக்கும் அகதிக்கு அதில் பாதி தள்ளுபடி.

கேட்பதற்கு நல்ல சலுகைதான். ஆனாலும், மலேசியர் 5 வெள்ளி கட்டும் இடத்தில் அகதி 60 வெள்ளி கட்ட வேண்டும். வார்டில் சேர்ந்தாலோ, அறுவை சிகிச்சை என்றாலோ பில் ஆயிரங்களில் ஏறும்.

நாட்டில் பதிவு பெற்ற அகதிகளும் அடைக்கலம் கோருவோரும் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். ரோஹிங்யாக்களே அதிகம், இலங்கைத் தமிழர்களும் உண்டு. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் அகதிக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை கிடையாது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெர்மிட்டோடு வந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மருத்துவமனைக் காப்புறுதித் திட்டம் உண்டு. 2019 முதல் சொக்சோ பாதுகாப்பும் உண்டு. அகதிக்குப் பெர்மிட் இல்லை. வேலையிடத்தில் கை முறிந்தாலும் செலவு அவர் தலையில்தான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம், தோட்ட மக்களின் மருத்துவத்தை முதலாளியின் பொறுப்பாக்கியது. டிரஸ்சரும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் வந்தது அப்படித்தான். செக்ரோலில் பெயர் இருந்தால் மருந்தும் இருந்தது. இன்று செம்பனைத் தோட்டத்திலோ கட்டுமான இடத்திலோ வேலை செய்யும் அகதியின் பெயர் எந்தச் செக்ரோலிலும் இல்லை. 1969-இல் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை பெர்மிட்டுக்கு அலைந்ததைப் பார்த்த குடும்பங்களுக்கு, ஒரு தாளின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த அகதி அட்டைகூட இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். அதற்குப் பதிய கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டும். ஆயர் தாவாரிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் சோதனையில் சிக்கினால் தடுப்பு முகாம். மருத்துவமனைக்குப் போகவும் பயம்: ஆவணமில்லாத நோயாளிகளைப் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்கும்படி சுகாதார அமைச்சின் 2001-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. விளைவு, கர்ப்பிணி பிரசவ வலி வரும்வரை காத்திருக்கிறார். இனிப்புநீர் நோயாளி கால் புண் முற்றிய பிறகு வருகிறார். அப்போது அவருக்கும் செலவு அதிகம், மருத்துவமனைக்கும் வராக்கடன்.

கோவிட் காலம் இதற்குப் பாடம் சொன்னது. வெளிநாட்டவருக்கும் பரிசோதனை இலவசம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனால் 2020 மே 1-ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் குடிநுழைவுச் சோதனை நடந்தது. பயந்தவர்கள் மறைந்தார்கள், கிருமி மறையவில்லை. 2021-இல் தடுப்பூசியை அகதிகளுக்கும் இலவசமாகத் தர அரசாங்கமே முடிவெடுத்தது.

தள்ளுபடியைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. அகதியைச் சட்டப்படி வேலை செய்ய விட்டால் முதலாளியும் தொழிலாளியும் காப்புறுதிக்குப் பணம் கட்டலாம். அரசாங்க மருத்துவமனையின் பாரமும் குறையும். அதுவரை பக்கத்து வீட்டு அகதி நோயில் விழுந்தால், அட்டையின் அசலை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு முகப்பிலேயே காட்டச் சொல்லுங்கள். மலாய் தெரியாதவர் என்றால் கூடப் போங்கள். மருத்துவமனை முகப்பில் தமக்காகப் பேச ஆள் கிடைக்குமா என்று தேடிய அனுபவம் தோட்டத்து மக்களுக்கும் இருந்ததுதானே.