விறகை அடுக்கியவர் யார்?



1914-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பொஸ்னியாவின் சாரயேவோ நகரில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்சு பெர்டினாந்தும் அவர்தம் துணைவியார் சோபியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் காவ்ரிலோ பிரின்சிப் என்னும் பத்தொன்பது வயது இளைஞன். அன்றிலிருந்து 37 நாட்களுக்குள் ஐரோப்பாவின் ஐந்து வல்லரசுகளும் போரில் இறங்கிவிட்டன. போர் ஓய்வதற்குள் ஏறத்தாழ 90 லட்சம் படைவீரர்கள் மாண்டனர்.

ஓர் இளைஞனின் துப்பாக்கிக்கு இத்தனை வலிமையா? இல்லை. ஈர விறகில் விழும் பொறி தானே அவிந்துவிடும். உலர்ந்த விறகை அடுக்கி வைத்தவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

1871-இல் பிரான்சைத் தோற்கடித்த ஜெர்மனி, அல்சாஸ்-லொரேன் பகுதியைப் பறித்துக்கொண்டது. பறித்தவனுக்கு அச்சம், இழந்தவனுக்கு ஆத்திரம். ஜெர்மனி 1879-இல் ஆஸ்திரியாவோடும், 1882-இல் இத்தாலியோடும் உடன்படிக்கை செய்துகொண்டது. பிரான்சோ 1894-இல் ருஷியாவின் கரத்தைப் பற்றியது. 1898-லும் 1900-லும் ஜெர்மனி பெருங்கடற்படை கட்டச் சட்டங்கள் இயற்றியது. கடலையே தன் கோட்டையாகக் கருதிய இங்கிலாந்து திடுக்கிட்டு, 1906-இல் 'டிரெட்நாட்' என்னும் புதுவகைப் போர்க்கப்பலை இறக்கியது. ஜெர்மனியும் அதே வகைக் கப்பல்களைக் கட்டலாயிற்று. இங்கிலாந்து 1904-இல் பிரான்சோடும், 1907-இல் ருஷியாவோடும் தன் பழைய பிணக்குகளைத் தீர்த்துக்கொண்டது. உடனே, நம்மைச் சுற்றி வளைக்கிறார்களே என்று ஜெர்மனி பதறியது.

இவற்றுள் எதையும் எவரும் போர் முயற்சி என்று சொல்லவில்லை. தற்காப்பு என்றே சொன்னார்கள். அவர்களிற் பலர் அதை மெய்யாகவே நம்பினார்கள். ஆனால் தன் மதிலை உயர்த்துகிறவன் அடுத்த வீட்டாரின் வெளிச்சத்தை மறைக்கிறான் அன்றோ?

மொராக்கோவை முன்னிட்டு 1905-லும் 1911-லும், பொஸ்னியாவை முன்னிட்டு 1908-லும் போர்மேகம் திரண்டு கலைந்தது. போர் விலகிற்றேயன்றிப் பகை விலகவில்லை. பணிந்து போனவன், இனி ஒருமுறை பணியேன் என்று உறுதி பூண்டான். பொஸ்னியா விவகாரத்தில் தலைகுனிந்த ருஷியா, 1914-இல் விட்டுக்கொடுக்க மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்த ஜூலை மாதத்தைக் காண்போம். ஆஸ்திரியாவுக்கு எந்நிலையிலும் துணை நிற்போம் என ஜெர்மனி வாக்களித்தது. 23-ஆம் நாள் ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கடுமையான நிபந்தனைகளை விதித்து, 48 மணி நேரம் கெடு வைத்தது. செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கியது. அந்த மறுமொழியை 28-ஆம் நாள் படித்த ஜெர்மானியப் பேரரசர் வில்லியம், போருக்கான காரணமே இனி இல்லை என்று குறித்தார். ஆனால் அன்றே ஆஸ்திரியா போர் தொடுத்துவிட்டது!

மறுநாள், உறவினர்களான வில்லியமும் ருஷியப் பேரரசர் நிக்கொலாசும் ஒருவருக்கொருவர் தந்தி அனுப்பிக்கொண்டனர். நிக்கொலாஸ் முழுப்படைத் திரட்டை அன்றிரவு நிறுத்தினார். 30-ஆம் நாள் அமைச்சரின் வற்புறுத்தலுக்கு இணங்கி மீண்டும் ஆணையிட்டார். ஆகஸ்டு முதல் நாள், படையைக் கிழக்கே மட்டும் அனுப்ப இயலுமா என்று வில்லியம் தம் தளபதி மோல்ட்கேயைக் கேட்டார். இயலாது என்பதே விடை. இரயில்வண்டிகளின் கால அட்டவணை முதற்கொண்டு அனைத்தும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. போர்த்திட்டத்தை வகுத்த மனிதர், இறுதியில் அத்திட்டத்துக்கே அடிமையாயினர்.

தொலைவில் மூண்ட தீ நம்மையும் விடவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீச, எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் இன்றும் சொல்லும் சொல் அன்று பிறந்ததே. கடல் கடந்து போர்புரிந்த இந்திய வீரர்களுள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

1917 ஆகஸ்டில் திருத்தந்தை 15-ஆம் ஆசீர்வாதப்பர், பயனற்ற இப்படுகொலையை நிறுத்துங்கள் என்று போரிடும் நாடுகளை வேண்டினார். படைக்குறைப்பையும் நடுவர் தீர்ப்பையும் வழியாகக் காட்டினார். ஒருவரும் செவிமடுக்கவில்லை. போர் மேலும் பதினைந்து மாதங்கள் நீடித்தது.

அப்படியாயின் போர் விதியா? அன்று. 1962 அக்டோபரில் கியூபாவில் ருஷிய ஏவுகணைகள் நிறுவப்பட்டபோது, உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது. 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தைப் பற்றிப் பார்பரா டக்மன் எழுதிய நூலை அமெரிக்க அதிபர் கென்னடி அவ்வாண்டில் படித்திருந்தார். அவர் உடனே தாக்காமல், எதிரிக்குச் சிந்திக்க நேரம் கொடுத்தார். திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் வானொலி வழியாக இரு தரப்பாரையும் வேண்டினார். குருஷேவ் ஏவுகணைகளை மீட்டுக்கொண்டார். கியூபாவின் மீது படையெடுப்பதில்லை என்று கென்னடி உறுதி கூறினார்; துருக்கியிலிருந்த தம் ஏவுகணைகளை அகற்றவும் இரகசியமாக இசைந்தார். எதிரி மானத்தோடு பின்வாங்க ஒரு வாயில் திறந்திருந்தது. 1914-இல் எவரும் திறவாத வாயில் அதுவே.

வாசகர்களே, தந்திகளும் படைத்திட்டங்களும் நம் கையில் இல்லை. ஆயினும் ஓர் இனத்தாரை முழுமையும் இழித்துப் பேசும் பேச்சு நம் திண்ணைகளிலும் நடக்கிறது. நம் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்கின்றனர். அடுக்கப்படும் ஒவ்வொரு விறகையும் ஒரு மனிதக் கையே எடுத்து வைக்கிறது. நம் கை அதைச் செய்யாதிருக்கட்டும்.