சூரிய மின்சாரமும் புயல் இரவும்

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைப்பது குறித்து நமது அங்கத்தினர்கள் பலர் விசாரித்து வருகிறார்கள். பேச்சு பெரும்பாலும் மானியத்தைச் சுற்றியே நடக்கிறது. எவ்வகை அமைப்பு எவருக்கு ஏற்றது என்பதை முதலில் ஆராய வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

வகைகள் மூன்று. மின்வாரியக் கம்பியோடு இணைந்தது ஒன்று. பகலில் மிஞ்சும் மின்சாரம் கம்பிக்குச் செல்லும், இரவில் தேவையானது அங்கிருந்து வரும், இரண்டையும் மீட்டர் கணக்கிடும். பாட்டரியில் சேமித்துக்கொண்டு கம்பியின் தயவின்றி இயங்குவது மற்றொன்று. இரண்டும் கலந்தது மூன்றாவது. விலையிலும் அதுவே மேல்.

2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 78,000 ரூபாயும் மானியமாக வகுக்கப்பட்டன. கம்பியோடு இணைந்த அமைப்புக்கே அது உரியது. பாட்டரிக்கு மானியம் இல்லை.

இங்கேதான் நமது மாவட்டத்தார் நின்று யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் கம்பியில் மின்சாரம் நின்றால், கம்பியோடு இணைந்த சூரிய அமைப்பும் தானே நின்றுவிடும். அது பழுதன்று. கம்பம் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியை நமது வீட்டு மின்சாரம் தாக்கிவிடக் கூடாதென்றே அவ்வாறு செய்திருக்கிறார்கள். எனினும் மறுநாள் வெயில் அடித்தாலும், கூரைமேல் தகடு இருந்தும் வீடு இருண்டே கிடக்கும். வாங்குமுன் இதை அறிந்திருப்பவர் எத்தனை பேர்?

செலவுக் கணக்கையும் பார்ப்போம். 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 240 யூனிட் தரும். கைத்தறி நெசவாளருக்கோ இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023ஆம் ஆண்டில் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. சிறுவந்தாட்டில் ஒரு தறியை வைத்துப் பிழைக்கும் குடும்பம், கட்டவேண்டியிராத கட்டணத்தை மிச்சப்படுத்தக் கடன் வாங்குவது எதற்கு? ஓட்டு வீடானால் தகட்டைப் புயற்காற்றுக்குத் தாங்கும்படி பொருத்துவதும் பெருந்தொல்லை. மெத்தை வீடும், குளிர்சாதனப் பெட்டியும், மாவரைக்கும் இயந்திரமுமாக வாழும் விவசாயிக்குக் கம்பியோடு இணைந்த அமைப்பு லாபமே.

நெசவாளருக்கு வேண்டியது சிறியது. 9 வாட் விளக்குகள் இரண்டு, இரவு ஆறு மணி நேரம் எரிந்தால் செலவு ஒரு யூனிட்டில் பத்திலொரு பங்குக்குச் சற்று மேல். 75 வாட் தகடு ஒன்றும், 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றும் போதும். வானம் மூடிக்கிடந்தாலும் நன்கு சார்ஜ் ஏறிய புதுப் பாட்டரி மூன்று இரவுகள் வரை தாங்கும்.

இவ்வகை யோசனை நமக்குப் புதிதன்று. 2011இல் மாநில சர்க்கார் கொணர்ந்த பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள் சேர்க்கப்பட்டிருந்தன. விளக்கைக் கொடுப்பது எளிது. சில ஆண்டுகளில் பாட்டரி தளர்ந்தபின் மாற்றிக் கொடுப்பதே கஷ்டம். பாட்டரி மாற்றுவதற்கான சிறு கடனை நமது சங்கங்களே, தவணையை நெசவுக் கூலியில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில், வழங்க வேண்டும் என்கிறோம். ஐப்பசி மழை தொடங்குமுன் கூடும் மகாசபையில் அங்கத்தினர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.