இன்ச்சில் இல்லை நண்பா, பிட்டில் இருக்கிறது!

நம் விடுதிப் பொது அறைக்கு 65 இன்ச் 4கே டி.வி. வாங்க வேண்டும் என்று யூனியன் பொதுக்குழுவில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இன்று அந்தக் கையை இறக்குகிறேன். கோபப்படாமல் படியுங்கள் நண்பர்களே!

ஒரு ஞாயிறு ராத்திரி, இப்போதுள்ள 43 இன்ச் டி.வி.யில் 'பிளானட் எர்த்' போட்டோம். 2006-ல் பி.பி.சி. ஹை-டெஃபனிஷனில் எடுத்த இயற்கைத் தொடர். புல்வெளிகள் பகுதியில் ஆப்பிரிக்காவின் குவெலியா குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் படம் ஓடியது. குருவிகள் கிளம்பியதுதான் தாமதம், திரை முழுக்கக் கட்டம் கட்டமாக ஒரே கஞ்சி! "டி.வி. ஊத்திக்கிச்சு மச்சான்" என்றான் மெக்கானிக்கல் நண்பன். நானும் தலையாட்டினேன். ஈ.சி.ஈ. படிக்கிறவன் ஆட்டலாமா?

பிறகு சீனியர் அண்ணன் ஒருவர் வீட்டில் அதே காட்சியை ப்ளூ-ரே டிஸ்க்கில் பார்த்தேன். அவர் டி.வி. வெறும் 32 இன்ச். ஆனால் குருவிகள் தனித்தனிக் குருவிகளாகப் பறந்தன! அப்போதுதான் உறைத்தது, எங்கள் டி.வி. மேல் குற்றமே இல்லை என்று.

கணக்குப் போடுவோமா? ஃபுல் எச்.டி. என்றால் 1920 x 1080 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 ஃப்ரேம். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,244 மெகாபிட். ப்ளூ-ரேயில் படத்துக்கு அதிகபட்சம் 40 மெகாபிட். அதாவது முப்பதில் ஒரு பங்கு. நெட்டில் 5 மெகாபிட் வந்தால் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. நம் ஹாட்ஸ்பாட்டில் அதுவும் வராது! இந்த லட்சணத்தில் 4கே போட்டால் புள்ளிகள் இன்னும் நான்கு மடங்கு.

செய்தி வாசிப்பவரைக் காட்டும்போது இந்தக் குறை தெரியாது. பின்னணி அசையாது, உதடு மட்டும் அசையும். மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். குருவிக் கூட்டம், மழை, அருவி, காற்றில் ஆடும் புல் இவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் எல்லாமே மாறுகிறது. பிட் போதாமல் என்கோடர் திணறுகிறது. காட்டுப் படம்தான் முதலில் அடிபடுகிறது.

டிஸ்க்கும் குறையில்லாதது அல்ல. ஆழ்கடலின் நீலம் மெல்ல மெல்லக் கருப்பாகும் இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். சாதாரண ப்ளூ-ரே 8 பிட். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 4கே டிஸ்க்கில் 10 பிட், 1,024 படிகள். அதனால் 4கே-யின் பெருமை புள்ளியில் மட்டுமில்லை, இந்தப் படிகளிலும் இருக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்வாரா?

சத்தத்துக்கு வருவோம். மிருகத்தைத் தூரத்திலிருந்து லென்ஸ் எட்டிப் பிடித்துவிடும், மைக் பிடிக்காது. அதனால் காலடிச் சத்தம் போன்ற பலவற்றை ஸ்டூடியோவில் செய்து சேர்க்கிறார்கள். சோளமாவுப் பையை அழுத்தினால் பனியில் நடக்கும் சத்தம் கிடைக்கும்! அது ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை, சுவரைப் பார்த்து முணுமுணுக்கும் டி.வி. ஸ்பீக்கரில் கேட்பது அநியாயம்.

ஆகவே என் யோசனை மூன்று. பழைய டி.வி.யே இருக்கட்டும். அந்தப் பணத்தில் டிஸ்க் பிளேயர், நல்ல ஸ்பீக்கர் இரண்டு, கொஞ்சம் டிஸ்க்குகள் வாங்குவோம். புல்லைக் கிளிப்பச்சை ஆக்கும் 'விவிட்' மோடை இன்றே மாற்றுவோம். அதற்குப் பைசா செலவில்லை.

"டிஸ்க்கெல்லாம் பழசுடா" என்பீர்கள். பழசுதான். ஆனால் டேட்டா தீர்ந்தாலும் ஓடும். நமக்குப் பின் வரும் ஜூனியர்களுக்கும் மிஞ்சும்.

நாளை இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கப் போகிறவர்கள் நாம். ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்கலாமா? அடுத்த பொதுக்குழுவில் சந்திப்போம், கால்குலேட்டருடன்!