பூச்சுக்குள் மறைந்த கறையான்

நபி சுலைமான் (அலை) அவர்கள் தம் கைத்தடியில் சாய்ந்து நின்ற நிலையிலேயே வஃபாத்தானார்கள். அவர்கள் உயிருடன் இருப்பதாகவே எண்ணிய ஜின்கள், தமக்கு இடப்பட்ட கடும் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தன. பூமியில் வாழும் ஒரு பூச்சி அந்தத் தடியை அரித்து, அவர்களின் உடல் சாய்ந்தபோதுதான் ஜின்களுக்கு உண்மை விளங்கியது. ஸபா அத்தியாயத்தின் 14ஆம் வசனம் இச்செய்தியைக் கூறுகிறது. அப்பூச்சியைக் கறையான் என்றே விரிவுரையாளர்கள் பலரும் விளக்கியுள்ளனர்.

நிமிர்ந்து நிற்பதெல்லாம் உறுதியாக நிற்பதன்று என்பதை நாம் நம் வீடுகளிலேயே காண்கிறோம். நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தலைவர் இருபது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் தம் மஹல்லாவிலேயே ஒரு பழைய வீட்டைக் கிரயம் செய்தார். புதுவண்ணம் பூசப்பட்டு வீடு பளிச்சென்று இருந்தது. முதல் மழை பெய்த மாலையில் கூடத்துக் கதவு நிலையிலிருந்து ஈசல்கள் புறப்பட்டன. தச்சரை அழைத்துத் தட்டிப் பார்த்தபோது, நிலையிலும் மேலே இரண்டு உத்தரங்களிலும் வண்ணத்தோல் மட்டுமே எஞ்சியிருந்தது. உள்ளே மரம் இல்லை. பட்டி வைத்து அடைத்து, மேலே வண்ணம் தீட்டியிருந்தார்கள்.

விற்றவரும் அதே ஜமாஅத்தைச் சேர்ந்தவர். ஜும்ஆவில் அதே பள்ளியில் தொழுபவர். "ஒரே ஊர்க்காரர்கள், இதைப் போய்க் கேட்பதா? ஸபூர் செய்யுங்கள், அல்லாஹ் வேறு வழியில் தருவான்" என்று உறவினர்கள் கூறினர். அவரும் கேட்கவில்லை. மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த பணம் உத்தரம் மாற்றுவதற்குச் செலவாயிற்று. இன்று அவ்விருவரும் நேருக்கு நேர் வந்தால் ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. உறவைக் காப்பதற்காக என்று சொல்லப்பட்ட மௌனம் உறவையும் காக்கவில்லை, பணத்தையும் காக்கவில்லை.

கேட்பது பொறுமைக்கு எதிரானதா?

இல்லை என்பதே நம் உறுதியான கருத்து. பொறுமை என்பது அல்லாஹ்வின் விதியை ஏற்று நிலைகுலையாமல் இருப்பது. பிறர் இழைத்த அநீதியை அநீதி என்று சொல்லாமல் விழுங்குவதன்று. மழையும் கறையானும் அல்லாஹ்வின் படைப்புகள். அவற்றின் மீது நமக்குக் குறையில்லை. அறிந்தே பட்டி வைத்து மறைத்த கை மனிதனின் கை. அதற்குப் பொறுப்பும் மனிதனுக்கே.

நபி (ஸல்) அவர்கள் மதீனாக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியில் தானியம் நனைந்தது வணிகரின் குற்றமாகக் கூறப்படவில்லை. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றமாயிற்று. வீட்டில் கறையான் வந்ததும் யாருடைய குற்றமுமன்று. அதன்மேல் வண்ணம் பூசி விற்பதே குற்றம்.

உரிமையைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்கும் நபிவாழ்விலேயே சான்று உண்டு. தமக்கு வரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு வந்த ஒருவர் நபியவர்களிடமே கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர்மேல் சினந்தபோது, உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டு என்று தடுத்து, அவருடையதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. அல்லாஹ்வின் தூதரிடமே ஒருவர் தம் ஹக்கைக் கேட்கலாம் என்றால், பக்கத்துத் தெருக்காரரிடம் ஏன் கேட்கக் கூடாது?

முதலில் அறிந்துகொள்ளுங்கள்

கேட்பதற்கு முன் உறுதிசெய்ய வேண்டும். கறையான் உலர்ந்த காற்றைத் தாங்காது. ஆகவே ஈர மண்ணால் மூடிய வழி அமைத்துக்கொண்டுதான் நிலத்திலிருந்து மரத்துக்கு ஏறும். சுவர் மூலைகளிலும், கதவு நிலையின் அடியிலும், பரணுக்குப் பின்னாலும் பென்சில் பருமனில் ஓடும் மண்கோடுகள் அதன் அடையாளம். ஒரு கோட்டைச் சிறிது உடைத்து வைத்துச் சில நாள் கழித்துப் பாருங்கள். மீண்டும் பூசப்பட்டிருந்தால் உள்ளே கறையான் உயிரோடு இருக்கிறது.

மழைக்குப்பின் சன்னல் ஓரத்தில் ஈசல் இறகுகள் குவிந்து கிடப்பதும், மரத்தைத் தட்டினால் கூடு போல ஒலிப்பதும், வண்ணம் காரணமின்றிக் குமிழிடுவதும் பிற அடையாளங்கள். சிறுசிறு வட்டத் துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிர்ந்தால் அது பெரும்பாலும் மரவண்டின் வேலை. அதை 'உளுத்த மரம்' என்போம். கறையான் தின்ற மரத்தின் உட்பகுதியிலோ மண் படிந்திருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே இழப்பீட்டுக் கணக்கும் வேறு.

இன்னோர் அடையாளத்தைப் பலர் கவனிப்பதில்லை. சுவரும் தரையும் சேருமிடத்தில், ஏறத்தாழ ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டு சிமெண்டால் அடைத்த தடங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அந்த வீட்டில் முன்பே கறையான் மருந்து செலுத்தப்பட்டிருக்கிறது. "எனக்குத் தெரியவே தெரியாது" என்ற சொல்லுக்கு அந்தத் தடங்களே மறுமொழியாகலாம்.

எதையும் சுரண்டுவதற்கு முன் தேதியுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரித்த மரத்துண்டு ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். சேதம் பழையதா புதியதா என்பதைப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் பெறுங்கள். முழு வழக்கும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கும்.

மார்க்கமும் சட்டமும்

விற்பனைக்கு முன்பே இருந்த குறை, வாங்கியவருக்குத் தெரியாதது, பொருளின் மதிப்பைக் குறைப்பது எனில், பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹ் நூல்கள் 'கியாருல் ஐப்' என்ற தலைப்பில் பேசுகின்றன. திருப்பித்தர இயலாமற்போன நிலைகளில் மதிப்புக் குறைவுக்கு ஈட்டுத்தொகை பெறுவதும் அங்கே பேசப்படுகிறது. குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் சொல்ல வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிட்டுப் பிறகு கேட்பது உரிமையைப் பலவீனப்படுத்தும். மத்ஹபுகளுக்கிடையே நுட்பமான வேறுபாடுகள் இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் விவரம் கேட்டுக்கொள்வது நலம்.

நாட்டின் சட்டமும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவர் அறிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்கிறது. கட்டுநரிடம் புதுவீடு வாங்கியவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணைநிற்கும். வீடு ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ உள்ள குறை சுட்டிக்காட்டப்பட்டால், 30 நாட்களில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். அடித்தளத்துக்குக் கறையான் தடுப்பு மருந்து இடுவதாக ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு இடாமல் விட்டிருந்தால் அது வெறும் மறதியன்று. கட்டும்போது செய்யவேண்டிய கறையான் தடுப்பு முறைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 என்ற நெறிமுறை விரிவாகவே கூறுகிறது.

கட்டுநர் மீதோ மருந்தடிக்கும் நிறுவனத்தின் மீதோ சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். அதற்குக் காலவரையறை இரண்டு ஆண்டுகள். தனியொருவர் தம் பழைய வீட்டை விற்றிருந்தால் உரிமையியல் நீதிமன்றமே வழி.

ஆனால் அதற்கு முன் ஒரு படி உண்டு. இரண்டு பொறுப்பான மனிதர்களை அழைத்துக்கொண்டு, படங்களையும் மதிப்பீட்டையும் கையில் வைத்துக்கொண்டு, விற்றவர் வீட்டுக்குச் சென்று அமைதியாகப் பேசுங்கள். தீரவில்லையெனில் ஜமாஅத் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். சமரசத்துக்கு ஜமாஅத் முன்வர வேண்டும். ஆனால் "விட்டுக்கொடுங்கள்" என்பதை இழந்தவரிடம் மட்டும் சொல்வது சமரசமாகாது. மறைத்தவரிடம் "திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்லும் துணிவும் நிர்வாகிகளுக்கு வேண்டும்.

இருபுறமும் அமானிதம்

இழப்பீடு கேட்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தம்மிடம் வழக்குக் கொண்டுவருவோரில் ஒருவர் மற்றவரைவிடச் சொல்வன்மை மிக்கவராக இருக்கலாம் என்றும், அதனால் பிறர் உரிமை அவருக்குத் தீர்ப்பாகிவிட்டால் அது நரக நெருப்பின் ஒரு துண்டே என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கறையான் அரித்தது இரண்டு உத்தரம் என்றால் இரண்டுக்கே கேளுங்கள். வீட்டைப் புதுப்பிக்கும் ஆசையையெல்லாம் கறையான் கணக்கில் எழுதாதீர்கள். நம் கவனக்குறைவால் ஒழுகிய குழாய் வரவழைத்த கறையானுக்கு விற்றவர் பொறுப்பாளி அல்லர்.

விற்பவர்களாக நாம் நிற்கும் நாளும் வரும். "இந்த நிலையில் கறையான் வந்தது, மருந்தடித்தோம், இதோ ரசீது" என்று சொன்னால் விலை கொஞ்சம் குறையும். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்பதும், மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பதும் நபிமொழி. அந்த விலைக்குறைவைவிட பரக்கத் பெரிது என்பதில் நமக்கு ஈமான் இருக்கிறதா என்பதே கேள்வி.

நாம் குறிப்பிட்ட அந்தக் குடும்பத்துக்கு இப்போதும் காலம் கடந்துவிடவில்லை என்றே நம்புகிறோம். விற்றவர் ஒருநாள் மாலை அந்த வீட்டுக் கதவைத் தட்டி, தம்மால் இயன்றதைத் தந்து மன்னிப்புக் கேட்டால் போதும். பள்ளிவாசலில் இருவரும் மீண்டும் ஸலாம் சொல்லிக்கொள்வார்கள். கடனும் மனத்தாங்கலும் இந்தத் துன்யாவிலேயே தீர்ந்துவிடுவது இருவருக்கும் நல்லது.

நம் வீடுகளையும் நம் வியாபாரங்களையும் மறைவான குறைகளிலிருந்து அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.