வரைபடத்துக்கு முன்னால் பட்டா

சில மாதங்களுக்கு முன் எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்கு அம்மாவோடு போயிருந்தேன். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இரண்டு அறையில் ஒரு தார்சு வீடு கட்ட வேண்டும். ஆன்லைனில் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம் கேட்டோம். ஊழியர் வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “உங்க பட்டா கணக்குல ஏறலையேம்மா, தாலுகா ஆபீஸ்ல சரி பண்ணிட்டு வாங்க” என்றார். கடுமையாகப் பேசவில்லை. யார் போயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அந்தப் பட்டா தாத்தாவுக்கு அரசு கொடுத்தது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. நிலத்தை எடுத்து, மனை பிரித்து, தனி வட்டாட்சியர் கையெழுத்தோடு பட்டா தந்தார்கள். ஆனால் வருவாய்த் துறையின் கிராமக் கணக்கில் பெயரை மாற்றவில்லை. தாளில் தாத்தா பெயர், கணக்கில் பழைய நில உரிமையாளர் பெயர். இது எங்கள் தெருவின் கதை மட்டுமல்ல. பல மாவட்டங்களில் காலனி மக்கள் இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் மனுநாளில் வரிசையில் நிற்கிறார்கள்.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, அதன்மேல் ஒரு மாடியோ கட்டுபவருக்கு உடனடி அனுமதி. நல்ல திட்டம்தான். அலைச்சலும் லஞ்சமும் குறையும். ஆனால் அந்த வேகம் யாருக்கு? நிலம் யாருடையது என்ற கேள்விக்கு ஏற்கெனவே பதில் வைத்திருப்பவருக்கு. விண்ணப்பத்தில் சாதி என்றொரு கட்டம் கிடையாது. தேவையும் இல்லை. அந்த வேலையைப் பட்டாவே செய்துவிடுகிறது.

பட்டாவைத் தாண்டினால் பாதை. மனைக்கு முன் குறைந்தபட்ச அகலத்தில் சாலை வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள். தீயணைப்பு வண்டி நுழைய வேண்டுமே, நியாயம்தான். ஆனால் சில சென்ட் மனைக்குள் மூன்று தலைமுறை நெருங்கி வாழ வேண்டியிருக்கும் காலனியில், சந்தை அகலப்படுத்த இடம் எங்கே இருக்கிறது?

“விதி என்றால் விதிதானே” என்று கேட்கலாம். விதி வளைந்த வரலாறும் இருக்கிறது. 2016 அக்டோபர் 20க்கு முன் அங்கீகாரமில்லாமல் போடப்பட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு தனி விதிகளையே வகுத்தது. அதில் மனை வாங்கிய எளிய மக்களும் பயனடைந்தார்கள், மறுக்கவில்லை. மனை விற்பவர் செய்த தவறைச் சரிசெய்ய வழி கண்டுபிடித்த அரசு, தானே கொடுத்த பட்டாவைத் தன் கணக்கில் ஏற்ற மட்டும் எங்களை ஏன் அலையவிடுகிறது?

அனுமதி இல்லையென்றால் வங்கியில் வீட்டுக் கடன் இல்லை. கந்துவட்டிதான் வழி. மீறிக் கட்டினால் அது ‘அனுமதியற்ற கட்டடம்’. சொத்து வரியை மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்வார்கள்.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. அரசு தந்த பட்டாவைக் கணக்கில் ஏற்றும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும். பட்டாவில் குறை இருந்தால் உள்ளாட்சி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாமல், தானே வட்டாட்சியருக்கு அனுப்பி, கெடு வைத்துப் பதில் பெற வேண்டும். எந்த வார்டில் எத்தனை விண்ணப்பங்கள், என்ன காரணத்தால் நிராகரிக்கப்பட்டன என்பதை வெளியிட வேண்டும்.

கடைசிக் கோரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ இந்தக் கேள்வியை நீங்களே கேட்கலாம் தோழர்களே. வரும் பதிலை உங்கள் ஊரின் தெருக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நானும் மனு போட்டிருக்கிறேன்.

அம்மா இன்னும் அந்த ஓட்டு வீட்டில்தான் இருக்கிறார். இந்த ஆண்டு வரி கட்டிய ரசீதைத் தாத்தாவின் பட்டாவோடு சேர்த்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.