பத்துக் கிராமின் பாரம்



உங்கள் வாப்பா ஓட்டிய அம்பாசிடர் இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறதா? 2014 ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும் பழைய பாசத்தால் அதை மீண்டும் ஓடச் செய்ய விரும்புவோர் உண்டு. எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் பேரிங்குகளும் பூட்டிப் பெருந்தொகை செலவிடுகின்றனர். ஆனால் சாலையில் வேகம் கூடியதும் வண்டி அதிர்கிறது! இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் எளிதில் மறக்கப்படும் ஒன்று, சுழலும் பாகங்களின் எடையைச் சமன் செய்யாமை.

பத்துக் கிராம் என்ன செய்துவிடும் என்கிறீர்களா? கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். ஆகவே கனெக்டிங் ராடைத் தாங்கும் கிராங்க் ஷாஃப்டின் பகுதி, நடு அச்சிலிருந்து 44.45 மில்லிமீட்டர் விலகிச் சுழல்கிறது. அங்கே 10 கிராம் மிகுந்திருந்தால், நிமிடத்திற்கு 2000 சுற்றில் அது ஏறத்தாழ 2 கிலோ எடைக்கு நிகரான விசையோடு வெளிநோக்கி இழுக்கும். 4000 சுற்றில் 4 கிலோ என்று எண்ணிவிடாதீர்கள், 8 கிலோ! வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அது சுற்றுக்குச் சுற்று திசை மாறி, ஷாஃப்டைத் தாங்கும் மூன்றே பேரிங்குகளை வதைக்கும்.

இதனைத் தவிர்ப்பது எங்ஙனம்? பிஸ்டன்கள் நான்கையும் நிறுத்து, எல்லாவற்றிலும் இலேசானதற்கு மற்றவற்றைச் சமமாக்க வேண்டும். கனெக்டிங் ராடுகளின் மொத்த எடை ஒத்திருந்தால் மட்டும் போதாது. பெரிய முனை சுழல்கிறது; சிறிய முனை பிஸ்டனோடு ஏறி இறங்குகிறது. எனவே இரு முனைகளையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். அதற்கென விடப்பட்ட மிகை உலோகத்தை மட்டுமே தேய்த்தெடுக்கலாம்; நடுத்தண்டில் குறுக்கே அரம் போடுவது முறிவுக்கு வழிகோலும். பின்னர் கிராங்க் ஷாஃப்டைச் சோதனை இயந்திரத்தில் சுழலவிட்டு, பாரம் மிகுந்த இடத்தில் துளையிட்டுக் குறைப்பர். அதனோடு ஃப்ளைவீலையும் கிளட்ச் மூடியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து மறுபடியும் சோதிப்பர். அவை பொருந்திய நிலையைக் குறியிட்டு வைத்து, அதே நிலையில் பூட்டுதல் அவசியம்.

இத்தனையும் செய்த பின்னும் சிறு நடுக்கம் எஞ்சும். அது நான்கு சிலிண்டர் எஞ்சினின் அமைப்பிலேயே உள்ளது. தாங்கும் ரப்பர்கள் அதை ஏற்றுக்கொள்ளும். அதற்காக மெக்கானிக்கைக் கடிந்துகொள்வது நியாயமன்று.

ஆனால் எஞ்சினைப் பூட்டுமுன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: “நான்கையும் நிறுத்தீர்களா? எடை எவ்வளவு?” எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுத்தவர் தயங்காமல் தருவார். பூட்டிய பின் கேட்டால், மீண்டும் முழுவதையும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.