கப்பலேறியவர்களின் ஆண்டவர்



உங்கள் குடும்பத்தில் நாகூரான், நாகூரம்மா என்று பெயருள்ள பெரியவர் யாராவது உண்டா? இந்துக் குடும்பமாகவே இருக்கலாம். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டதுண்டா?

அந்தப் பெயருக்குக் காரணமான நாகூர் ஆண்டவர், சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது, பிறந்தது வடக்கே, மாணிக்கப்பூரில். குவாலியரில் முகம்மது கௌஸிடம் பாடம் கேட்டு, ஊர் ஊராகச் சுற்றி, 16-ஆம் நூற்றாண்டில் நாகூரில் தங்கிவிட்டார். அவருடைய தர்காவில் உள்ள 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்து மன்னர் கட்டினாரா என்று நாகூரில் யாரும் வியப்பதில்லை.

ஆண்டவரைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கப்பல் கதை. நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்ததாம். அந்த நேரம் சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டவர், கையிலிருந்த கண்ணாடியை வீச, அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டதாம். நடந்ததா இல்லையா என்று வாதாட வேண்டாம். முதல் முறை கடலைக் கடக்கிறவருக்கு அந்தக் கதை எவ்வளவு பெரிய தைரியம்!

நம் தாத்தா பாட்டிகள் பலர் கப்பல் ஏறிய நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் சில கிலோமீட்டர்தான். ரஜூலா போன்ற கப்பல்களில் பினாங்கு வந்து இறங்கி, பேராக்கின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்பே ஆண்டவர் பெயர் பினாங்கு வந்துவிட்டது. சூலியா ஸ்திரீட்டில் 1800-களின் தொடக்கத்திலேயே நாகூர் தர்கா எழுந்தது. அடக்கம் அங்கே இல்லை, நினைவிடம்தான். சிங்கப்பூரில் 1830-க்குள் இன்னொன்று. நம் ஈப்போவிலிருந்து பினாங்கு காரில் இரண்டு மணி நேரம். எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

தர்காவில் வேண்டுவது சரியா என்று முஸ்லிம்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. அதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும். என் கவலை வேறு.

தோட்டங்கள் கைமாறின. லயங்கள் இடிந்தன. கோயில்களையாவது போராடி இடம் மாற்றினோம். அந்த வீடுகளில் இருந்த நேர்ச்சைகளையும் கப்பல் கதைகளையும் யார் எடுத்து வந்தார்கள்? பிள்ளைகள் ஸ்கூலில் படிக்கும் வரலாற்றில் இதெல்லாம் வராது. மதம் பார்க்காமல் ஒருவர் கடவுளை இன்னொருவர் கும்பிட்டதை வீட்டில்தான் சொல்லித் தர வேண்டும்.

எண்பதைத் தாண்டிய பாட்டி வீட்டில் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள், நிச்சயம் பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்